பதினேழாம் பக்கம்

"அம்மா, நம்ம கையேடு பொய் சொல்லுது" என்றார் தவசிமுத்து.

குரு இசக்கியம்மாள் கணினியில் வந்திருந்த காலைக் கடிதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"எழுதினது யாரு?"

"நான்தான்."

"அப்புறம்?"

"எழுதினப்ப அது நெசம். பொறவு செண்பகராமன் அதைப் பொய்யாக்கிட்டான்."

மேலப்பாறை மடத்தில் பூசை கிடையாது. பிரசங்கமும் கிடையாது. தகரக் கூரைக்குக் கீழே ஏழு கணினிகள், ஒன்பது பேர்.

அவர்கள் செய்து ஊருக்கு இலவசமாகக் கொடுப்பது ஒரே ஒரு பொருள். அதன் பெயர் எண்ணி. நம் இணையதளத்தில் அதைச் செருகி வைத்துவிட்டால், நாம் எண்ணிச் சொல்வதையெல்லாம் தேதி போட்டுப் பதிந்து வைத்திருக்கும். ஒருவர் வீட்டுத் தென்னை மரத்தில் காய் எண்ணுகிறார். ஒருவர் தெருவில் போகும் லாரி எண்ணுகிறார். இப்படிப்பட்ட சின்ன நிரலைச் செருகுநிரல் என்பார்கள்.

எண்ணியை எழுதுகிறவர் செண்பகராமன். வயது முப்பத்திரண்டு. படித்தவர். படித்தவர் என்பது அவருக்கும் தெரியும்.

அதற்குக் கையேடு எழுதுகிறவர் தவசிமுத்து. வயது அறுபத்தொன்று. குருவைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டு, முப்பது வருஷம் மாவு மில்லில் மோட்டார் ஓட்டியவர். நிரலில் ஓர் எழுத்துகூட அவருக்குப் புரியாது.

அதற்காகவே குரு அவரிடம் கையேட்டைக் கொடுத்தார்.

மடத்தில் ஒரு முறை உண்டு. எண்ணியின் புதிய பதிப்பு வெளியே போகும் முன்னால், எதை மாற்றினேன் என்று நிரல் எழுதியவர் கையேட்டுக்காரரிடம் வந்து வாயால் சொல்ல வேண்டும். கையேட்டுக்காரர் சோதனைக் கணினியில் உட்கார்ந்து, கையேட்டில் உள்ள ஒவ்வொரு வரியையும் தன் கையால் செய்து பார்க்க வேண்டும். எழுதியபடி நடந்தால் பதிப்பேட்டில் கையெழுத்துப் போடுவார். நடக்காவிட்டால் பதிப்பு வாசலைத் தாண்டாது.

நல்ல முறைதான். இருவரும் பேசிக்கொண்டிருக்கும்வரை.

"எந்தப் பக்கம்?" என்றார் குரு.

"பதினேழு. எண்ணியை நிறுத்தி வச்சாலும் பதிவுகள் அப்படியே இருக்கும்னு எழுதியிருக்கேன். அப்படித்தான் இருந்துச்சு. இப்ப நிறுத்தினா எல்லாத்தையும் துடைச்சிப்போடுது. ஒண்ணு மிஞ்சல."

"எப்ப இருந்து?"

"மூணு வாரம் ரெண்டு நாளா."

குரு பக்கத்தில் இருந்த பதிப்பேட்டை எடுத்துப் புரட்டினார். ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"இதுல உங்க கையெழுத்து இருக்கே அண்ணாச்சி."

"இருக்கு."

"பாக்காமப் போட்டீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். தவசிமுத்துவுக்குப் பொய் வராது. மனக்கசப்புதான் வரும்.

"பாத்துட்டுத்தான் போட்டேன்" என்றார். பிறகு அவரே தொடர்ந்தார்.

"அவன் வந்து சொல்லல. சொல்லாம மாத்தினவன் மாட்டட்டும்னு போட்டேன். யாராவது புகார் எழுதுவாங்க, எல்லார் முன்னாடியும் நீங்க அவனைக் கூப்பிட்டுக் கேப்பீங்கன்னு நினைச்சேன்."

"எழுதினாங்களா?"

தவசிமுத்து தரையைப் பார்த்தார்.

"ஒருத்தரும் எழுதல."

அதுதான் அவரை இன்று குருவிடம் கொண்டுவந்தது. நான்கு மாதம் முன்பு மதியச் சாப்பாட்டில் செண்பகராமன் ஒரு வார்த்தை சொன்னார். "கையேட்டை யாரு அண்ணாச்சி படிக்கா? பொத்தானை அமுக்கிப் பாத்துத்தான் எல்லாரும் தெரிஞ்சுக்கிடுவாங்க." பந்தியில் சிரிப்பு எழுந்தது. யார் யார் சிரித்தார்கள், யார் எவ்வளவு நேரம் சிரித்தார்கள் என்பது இன்றும் தவசிமுத்துவுக்கு நினைவிருக்கிறது. ரசம் ஊற்றியவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

அன்றோடு பேச்சு நின்றது. மாற்றங்கள் துண்டுச் சீட்டில் வந்தன. பிறகு சீட்டும் நின்றது.

இப்போது மூன்று வாரமாகக் கையேட்டில் ஒரு பெரிய பொய் கிடக்கிறது. உலகத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. அப்படியானால் செண்பகராமன் சொன்னது சரிதானோ?

குரு தன் கணினித் திரையைத் தவசிமுத்துவின் பக்கம் திருப்பி வைத்தார்.

ஒரு கடிதம் திறந்திருந்தது. தவசிமுத்து விரலை ஓட்டி வாசித்தார்.

"வணக்கம். நான் காக்கைக்குளம் நடுநிலைப் பள்ளியின் ஆசிரியை சவரியாயி. எங்கள் பிள்ளைகள் ஒன்பது வருடங்களாகக் குளத்துக்கு வரும் பறவைகளை எண்ணி உங்கள் எண்ணியில் பதிந்து வருகிறார்கள். உங்கள் கையேட்டின் பதினேழாம் பக்கத்தைப் படித்தேன். இரண்டு முறை படித்தேன். என்னைப் போன்றவர்களுக்கும் புரியும்படி எழுதியிருக்கிறீர்கள்."

தவசிமுத்துவின் முகம் மலர்ந்துவிட்டது.

"அம்மா! படிச்சிருக்காங்க! ரெண்டு தடவை!"

"மேல படிங்க."

"இன்று பள்ளியின் தளத்தை வேறு இடத்துக்கு மாற்றுகிறோம். மாற்றித் தருகிறவர் பதிவுகளுக்கு நகல் எடுத்துக்கொள்ளச் சொன்னார். எனக்கு எடுக்கத் தெரியாது. நீங்கள் எழுதியிருப்பதால் அது தேவையில்லை என்று சொல்லிவிட்டேன். பதினோரு மணிக்கு எண்ணியை நிறுத்துவேன்."

விரல் அங்கேயே நின்றது.

சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து அடித்து ஐந்து நிமிடம்.

"செண்பகத்தைக் கூப்பிடுங்க" என்றார் குரு.

நான்கு மாதமாக அந்தப் பெயரைச் சொல்லி அழைக்காத வாய். தவசிமுத்து வாசல்வரை போனார். நின்றார். பிறகு கூரை அதிரக் கத்தினார்.

"ஏ செண்பகராமா!"

செண்பகராமன் ஓடி வந்தார். கடிதத்தை ஒரே மூச்சில் படித்தார்.

"நகல் எடுக்கலயா? ஒன்பது வருசத்துக்கா?"

"எடுக்க வேண்டாம்னு நான் எழுதியிருக்கேன்" என்றார் தவசிமுத்து. "நீதான் துடைக்க வச்சிருக்க."

"நிறுத்துறவங்க விட்டுட்டுப் போறவங்கதானே அண்ணாச்சி? போறப்ப வீட்டைப் பெருக்கிக் குடுக்குறது மரியாதைன்னு செஞ்சேன்."

"வீட்டைப் பெருக்கு. அவன் பண்ட பாத்திரத்தையும் சேத்தா குப்பையில தள்ளுவ?"

"அதைச் சோதிச்சுக் கையெழுத்துப் போட்டது யாராம்?"

"சொல்லாம மாத்தினது யாராம்?"

குரு அதற்குள் போனை எடுத்துவிட்டார். பள்ளித் தளத்தில் இருந்த எண்ணை அழைத்தார். எடுத்தவர் டயர் கடைக்காரர்.

"ஸ்கூலா? இந்த மாசத்துல இது ஆறாவது போன்மா. என் நம்பரை முதல்ல அங்க இருந்து எடுக்கச் சொல்லுங்க."

குரு போனை வைத்தார்.

"அந்தப் பள்ளிக்கூடத்துலயும் யாரோ ரெண்டு பேரு பேசிக்கிறதில்ல போல" என்றார்.

பிறகு, நிறுத்த வேண்டாம் என்று ஒரு கடிதம் அனுப்பினார். ஆசிரியை பார்த்தால் நல்லது. பாடம் நடத்துகிறவர் எப்போது பார்ப்பார் என்று யார் கண்டது?

"அம்மா, முதல்ல பதினேழாம் பக்கத்தைத் திருத்திருவோம்" என்றார் செண்பகராமன். "ஒரு வரிதான். ஒரு நிமிசம். நிரல் செய்யறதுதான் உண்மை. கையேடு அதுக்குத் தக்கன மாறணும்."

"அவங்க படிச்சு முடிச்சாச்சு" என்றார் குரு.

செண்பகராமன் அந்தக் கடிதத்தை மறுபடியும் பார்த்தார்.

"நிரலை மாத்து. பதினேழாம் பக்கம் என்ன சொல்லுதோ அதை எண்ணி செய்யட்டும்."

எண்ணி எங்கே இருந்தாலும் அரை மணிக்கு ஒருமுறை மடத்தை விசாரிக்கும். புதிய பதிப்பு இருந்தால் தானே எடுத்துக்கொள்ளும். பத்தரைக்குள் பதிப்பு வெளியே போனால் காக்கைக்குளத்துக்குப் போய்ச் சேரும். அடுத்த விசாரிப்பு பதினோரு மணிக்கு. அதற்குள் ஆசிரியையின் விரல் பொத்தானில் இருக்கும்.

"பத்து நிமிசத்துல மாத்திருவேன்" என்றார் செண்பகராமன். "ஆனா சோதிச்சுக் கையெழுத்து?"

குரு, தவசிமுத்துவைப் பார்த்தார். பிறகு சோதனைக் கணினிக்கு முன்னால் கிடந்த பெஞ்சைப் பார்த்தார். இருவர் உட்காரலாம். நெருக்கித்தான் உட்கார வேண்டும்.

இருவரும் உட்கார்ந்தார்கள்.

தவசிமுத்து பொய்ப் பதிவுகள் போட்டார். காகம் பன்னிரண்டு, போன வருஷத் தேதி. மைனா நாற்பது, அதற்கு முந்தின வருஷத் தேதி. இப்படி இருபது. ஒரு விரலால் தட்டினார்.

"வேகமா அண்ணாச்சி."

"நீ உன் வேலையைப் பாரு."

"பாத்து முடிச்சாச்சு. நிறுத்துங்க."

தவசிமுத்து நிறுத்தினார். மீண்டும் தொடங்கினார். திரை காலி. ஒரு காகம் இல்லை.

"பெருக்கிட்டியே!"

செண்பகராமனின் நெற்றி வேர்த்தது. "இன்னொரு இடத்துலயும் துடைக்க எழுதியிருக்கேன். மறந்துட்டேன். இருங்க."

மணி பத்து பதினேழு.

தவசிமுத்து இருபது பறவைகளையும் திரும்பப் போட்டார். இப்போது இரண்டு விரல்.

"ம். நிறுத்துங்க."

நிறுத்தினார். தொடங்கினார். இருபதும் இருந்தன.

"அப்பாடா" என்று செண்பகராமன் எழுந்தார். "கையெழுத்துப் போடுங்க, அனுப்பிருவோம்."

தவசிமுத்து எழவில்லை. மூக்கு திரையில் படும் அளவுக்குக் குனிந்து பார்த்தார்.

"தேதி எல்லாம் இன்னைக்குத் தேதியா இருக்கு."

"எண்ணிக்கை சரியா இருக்குல்லா?"

"காகம் போன வருசம் வந்துச்சு தம்பி. மைனா அதுக்கு முந்தின வருசம். எல்லாம் இன்னைக்கா வந்துச்சு?"

"அண்ணாச்சி, மணி பத்து இருபத்திரண்டு."

"அப்படியே இருக்கும்னு எழுதியிருக்கேன். இது அப்படியே இல்ல."

"இப்ப இது போதும். தேதியைப் பொறவு பாத்துக்கலாம்."

"போன தடவை நான் போதும்னு போட்டேன்" என்றார் தவசிமுத்து. "உக்காரு."

செண்பகராமன் உட்கார்ந்தார்.

அதன் பிறகு விசைப்பலகை மட்டும் பேசியது. நடுவில் ஒருமுறை செண்பகராமன் கையை நீட்டினார். தவசிமுத்து தன் துண்டைக் கொடுத்தார். செண்பகராமன் முகத்தைத் துடைத்துவிட்டுத் தன் தோளிலேயே போட்டுக்கொண்டார்.

"இப்ப."

இருபது பறவைகள். நிறுத்தினார். தொடங்கினார்.

தவசிமுத்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தார். காகம், பன்னிரண்டு, போன வருஷம். மைனா, நாற்பது, அதற்கு முந்தின வருஷம். மேலிருந்து கீழ்வரை. பக்கத்தில் செண்பகராமனின் முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது. தவசிமுத்து அவசரப்படவில்லை.

கையெழுத்துப் போட்டார்.

மணி பத்து இருபத்தொன்பது.

பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். எங்கேனும் எண்ணியை நிறுத்தினால் மடத்துக்கு ஒரு குறிப்பு வரும். மூன்று பேரும் அந்தக் குறிப்புக்காகக் காத்திருந்தார்கள். மற்றவர்களும் தட்டுவதை நிறுத்திவிட்டுக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள். அன்று பந்தியில் சிரித்த அதே ஆட்கள்தான்.

பதினொன்று.

பதினொன்று இரண்டு: காக்கைக்குளம், நிறுத்தப்பட்டது.

பதினொன்றரை ஆயிற்று. பதினொன்று நாற்பது ஆயிற்று. தவசிமுத்து நான்கு சொம்பு தண்ணீர் குடித்திருந்தார்.

கடிதம் வந்தது. குரு உரக்க வாசித்தார்.

"வணக்கம். நிறுத்தினேன், தளத்தை மாற்றினார்கள், மீண்டும் தொடங்கினேன். ஒன்பது வருடப் பதிவுகளும் தேதியோடு இருக்கின்றன. நிறுத்த வேண்டாம் என்று நீங்கள் அனுப்பிய கடிதத்தை இப்போதுதான் பார்த்தேன். ஏன் அப்படி எழுதினீர்கள் என்று விளங்கவில்லை. கையேட்டில் சரியாகத்தானே இருக்கிறது?"

செண்பகராமன் பெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடினார். தவசிமுத்து வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்தார். கண்ணாடியில் ஒன்றும் இல்லை.

"ஏன்னு அவங்களுக்கு எழுதணும்" என்றார் குரு. "நடந்ததை நடந்தபடி. அதுக்கு முன்னால ஒண்ணு. இந்த மூணு வாரத்துல வேற யாரு நிறுத்தினாங்க?"

இருவரும் அதை நினைக்கவே இல்லை.

செண்பகராமன் குறிப்புகளைத் தேடினார்.

"ஒருத்தர்" என்றார். "பேரு சுடலையாண்டி. புறா வளக்கிறவர். ஆறு நாள் எண்ணியிருக்கார். போன வாரம் நிறுத்தியிருக்கார்."

"போச்சா?"

"போச்சு."

"எழுதுங்க" என்று சொல்லிவிட்டுக் குரு தன் இடத்துக்குப் போனார்.

தவசிமுத்து சொல்ல, செண்பகராமன் தட்டினார்.

"மதிப்புக்குரிய ஐயா. எங்கள் கையேட்டை நம்பி நீங்கள் எண்ணியை நிறுத்தினீர்கள். உங்கள் ஆறு நாள் பதிவு அழிந்துவிட்டது. செண்பகராமன் என்பவர் சொல்லாமல் மாற்றியதால்..."

தட்டும் சத்தம் நின்றது.

தவசிமுத்து திரையில் அந்த வரியைப் பார்த்தார். மூன்று வாரமாக மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகிய வாக்கியம் அது. நன்றாக வந்திருந்தது.

"அழி" என்றார்.

"அழிச்சாச்சு."

"தப்பைப் பார்த்த பிறகும் நான் கையெழுத்துப் போட்டேன். என் பெயர் தவசிமுத்து. அப்படிப் போடு."

செண்பகராமன் தட்டினார். அதற்குக் கீழே கேட்காமலே ஒரு வரி சேர்த்தார். தவசிமுத்து விரல் வைத்து வாசித்தார்.

"அவரிடம் சொல்லாமல் மாற்றியவன் நான். என் பெயர் செண்பகராமன்."

தவசிமுத்து அனுப்பு என்று தலையை ஆட்டினார்.

அதே விவரத்தைக் காக்கைக்குளத்துக்கும் எழுதி அனுப்பினார்கள். அது முடிவதற்குள் புறாக்காரரிடமிருந்து பதில் வந்துவிட்டது.

"அதனால என்னங்க? புறாவெல்லாம் கூண்டுலதான் இருக்கு. சாயங்காலம் திரும்ப எண்ணிக்கிடுதேன்."

செண்பகராமன் சிரித்தார். தவசிமுத்துவும் சிரித்தார். வயிறு குலுங்க, நான்கு மாதத்துக்கும் சேர்த்துச் சிரித்தார்.

பாதியில் நிறுத்தினார்.

"குளத்துக்கு வந்துட்டுப் போன பறவை?" என்றார்.

செண்பகராமனின் சிரிப்பும் நின்றது.

வெளியே சமையற்காரர் சாப்பாட்டு மணியை அடிக்கக் கையை ஓங்கினார். பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்த குரு, வேண்டாம் என்று கைகாட்டினார்.

"ஏ செண்பகம்."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"இருபத்துமூணாம் பக்கம்."

"அதுக்கென்ன?"

"அதுவும் பொய்."

"எப்ப இருந்து?"

"சித்திரையில இருந்து."

செண்பகராமன் அவரைத் திரும்பிப் பார்த்தார். "வேற?"

தவசிமுத்து எந்தக் குறிப்பையும் பார்க்கவில்லை. எல்லாம் நினைவில் இருந்தது.

"முப்பத்தொண்ணு. முப்பத்தஞ்சுல ரெண்டு இடம். நாப்பதாம் பக்கத்துல ஒரு படம். பொறவு பின்னட்டை."

"பின்னட்டையில என்ன பொய் அண்ணாச்சி? அதுல எண்ணியை எழுதினவங்க பேருதானே இருக்கும்?"

"உன் பேரு இல்ல" என்றார் தவசிமுத்து. "நான்தான் எடுத்தேன்."

செண்பகராமன் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்து இருவருக்கும் நடுவில் வைத்தார். விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அதைக் கடைசியில பாப்போம்" என்றார். "இருபத்துமூணைத் திறங்க."